வாயை மூடிய ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில், சம்மட்டிச் சத்தத்தை மீறிப் பேசியே வளர்ந்த தொண்டை என்னுடையது. எங்கள் தமிழ்ச் சபையில் நான் கீர்த்தனை எடுத்தால் ஆர்மோனியமே வழிவிட்டு ஒதுங்கும். "ஆண்டவர் எதைச் சொன்னாலும் கீழ்ப்படிவேன்!" என்று ஒரு நாள் சாட்சி வேறு சொல்லிவிட்டேன்.

மறு ஞாயிறு போதகர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் பாடாம இருங்களேன்."

"ஆண்டவரா சொன்னாரு?"

"சபையே சொல்லுதுண்ணே."

உள்ளே கீர்த்தனை தொடங்கியது; பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பெண்கள் பக்கமிருந்து, நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த ஒரு குரல் எழுந்தது. யாரென்று எட்டிப் பார்த்தேன். என் மனைவி!

"நீ பாடுவியா?" என்றேன், வீடு திரும்பும்போது.

"கல்யாணம் ஆனதிலேருந்து பாடிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

அடுத்த வாரம் போதகர் மனமிரங்கி, "இனிமே பாடுங்கண்ணே" என்றார். அதற்கு மட்டும் நான் இன்றுவரை கீழ்ப்படியவில்லை.