ஈரக் கல்லின் முதல் குமிழி

காரைக்குடி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக நான் மல்லுக்கட்டியது சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு கல் உருளையோடு. எரிவாயுக் கிணறு ஒன்றின் ஆழத்திலிருந்து எடுத்த மணற்கல். அதன் துளைகள் கண்ணுக்கே தெரியாதவை, அவற்றிலும் பாதிக்கு மேல் தண்ணீர். அப்படிப்பட்ட பாறைக்குள் வாயு எப்படி நகர்கிறது என்பதுதான் என் கேள்வி.

கல்லை ரப்பர் உறைக்குள் இறுக்கி, ஒரு முனையில் சிலிண்டரிலிருந்து நைட்ரஜனைச் செலுத்துவேன். மறுமுனைக் குழாய் தண்ணீர்க் குவளைக்குள் இருக்கும். வாயு கல்லைக் கடந்தால் குமிழி வர வேண்டும். உலர்ந்த கல்லில் வால்வைத் தொட்டதுமே வந்தது. நனைத்த கல்லில் வரவில்லை. அழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினால், ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று வந்தது. அந்த அளவுக்குக் கீழே மணிக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றுமில்லை.

மதியமானால் ஆய்வகம் கொதிக்கும், வாயு விரிந்து அளவு தடுமாறும். அதனால் எங்கள் ஊரான நெற்குப்பையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். "தண்ணிக் குவளையப் பாக்கவா தினம் இப்புடி ஓடுற?" என்பார் அம்மா.

மாதக் கூட்டத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியை வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வாயு கல்லுக்குள்ள போகலைம்மா. அழுத்தம் கூடினதும் உறைக்கும் கல்லுக்கும் நடுவில பூந்து வருது. நீ கசிவைத்தான் அளந்திருக்கே."

எல்லார் முன்னாலும் சொன்னதில் முகம் எரிந்தது. ஆனால் அவர் சந்தேகம் நியாயமானது. வாயால் மறுத்துப் பயனில்லை.

மறுநாள் ஒரு லேத் பட்டறைக்குப் போய், கல்லின் அளவிலேயே இரும்பு உருளை ஒன்று கேட்டேன்.

"உள்ள ஓட்டை எம்புட்டு?" என்றார் பட்டறைக்காரர்.

"ஓட்டையே வேண்டாம்ணே. காத்து போகாதுன்னு காட்டணும்."

"அது தெரிஞ்ச விசயந்தானே! இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மயிரிழை அளவு தடித்திருக்கிறது என்று இருமுறை திருப்பிக் கொடுத்தேன். இருமுறையும் கடைந்து தந்தார்.

பேராசிரியையை அழைத்து, அவர் கண்ணெதிரே இரும்பை உறைக்குள் மாட்டினேன். கல்லில் குமிழி வந்த அளவையும் தாண்டி அழுத்தத்தை ஏற்றினேன். உறையோரம் கசிவதாக இருந்தால் இரும்பிலும் குமிழி வர வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. குமிழி இல்லை. பிறகு ஈரக் கல்லை மாட்டினேன். பழைய அளவிலேயே முதல் குமிழி எழுந்தது.

"சரி, எழுது," என்றார். "ஆனா ஒரு கல்லை வச்சு எழுதாதே."

இன்னும் மூன்று கற்கள், மழைக்காலம் வரை. ஈரம் கூடக் கூட, வாயு நகரத் தேவையான அழுத்தமும் கூடியது. கடைசிக் கல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கருவி தாங்கும் எல்லைவரை ஏற்றியும் குவளை அமைதியாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் அப்படியே எழுதினேன்.