நம்ம மாவட்டம் இல்லை

கொரோனா இரண்டாம் அலையின்போது, மணி நான்கைத் தாண்டினாலே மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் எங்கள் அறையில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்குள் மாவட்டத்தின் அன்றைய எண்கள் சென்னைக்குப் போயாக வேண்டும். எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்குத் தொற்று, ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர். அன்றைக்கு டிவியில் மாவட்டவாரியாக ஓடுவது அதுதான். தடுப்பூசிப் பிரிவில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்த என்னைத் தூக்கி இந்த வேலையில் போட்டிருந்தார்கள்.

அதில் ஒரு விதி உண்டு. ஒருவர் எந்த ஊரில் பரிசோதனை செய்துகொண்டாலும், எந்த மாவட்டத்தில் தங்கியிருக்கிறாரோ அந்த மாவட்டத்தின் கணக்கில்தான் வருவார். எங்கள் பக்கத்து ஆட்களோ பாதிப் பேர் பிழைப்புக்கு வெளியூரில் கிடப்பவர்கள். ஆதாரில் திருமயம் இருக்கும், படுப்பது பனியன் கம்பெனி ரூமில். அதனால் மத்தியானத்துக்கு மேல் மாவட்டங்களுக்குள் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். ‘இவர் உங்க ஊர் ஆளு, எடுத்துக்கங்க’ என்பார்கள். ‘ஆதார்தான் இங்க, ஆளு அங்க’ என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம். எண்ணிக்கை கூடினால் மேலதிகாரிகள் கூட்டத்தில் எங்கள் அறைக்குப் பொறுப்பான டாக்டர்தான் திட்டு வாங்குவார். திருப்பி அனுப்புவதில் நான் கெட்டிக்காரி. “இந்தம்மா இருக்கற வரைக்கும் நம்ம தலையில எவனும் மொளகா அரைக்க முடியாது” என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒருநாள் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேற்கே ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரு இளைஞரின் படிவத்தில், தற்போதைய முகவரி என்ற இடத்தில் அவர்கள் ஊர் கம்பெனி ரூமே எழுதியிருந்தது. என்னை என்ன முட்டாள் என்று நினைத்தார்களா? பேருக்கு எதிரே ‘நம்ம மாவட்டம் இல்லை’ என்று தட்டித் திருப்பி அனுப்பினேன். படிவத்தில் அவருடைய செல் நம்பர் இருந்தது. கூப்பிட்டுக் கேட்க நேரமில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். நேரம் இருந்தது. கேட்டால் ஒருவேளை எங்கள் எண்ணில் ஒன்று கூடிவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. பரிசோதனைக் கூடங்கள் சொன்ன பாசிட்டிவ் எண்ணிக்கைக்கும், எல்லா மாவட்டங்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கைக்கும் ஒன்று இடிக்கிறது என்றார்கள். “ஒரு ஆளு எங்கயும் இல்லம்மா. உங்க லிஸ்ட்ட கொஞ்சம் பாருங்க.”

பழைய பட்டியல்களை விரித்துப் பேர் பேராக விரலை ஓட்டினேன். முக்கால் மணி நேரத்தில் என்னுடைய குறிப்பின் மேலேயே என் விரல் வந்து நின்றது. எங்களுக்கு அனுப்பிய கையோடு அவர்கள் தங்கள் கணக்கிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். நான் திருப்பி அனுப்பியதை அங்கே யாரும் பார்க்கவில்லை. தொற்று என்று தெரிந்தால் அன்றைக்கே கூப்பிட்டுத் தனியாக இருக்கச் சொல்ல வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். பத்து நாட்களாக இவரை யாருமே கூப்பிட்டிருக்கவில்லை.

அவருடைய படிவத்தைத் தேடி எடுத்தேன். நம்பரைப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், மறுபடி ஸ்விட்ச் ஆஃப். ஆறாவது தடவை மணி அடித்தது, அவரே எடுத்தார்.

“இப்ப எங்க இருக்கீங்க?” என்றேன்.

“ஊர்லதான் மேடம். திருமயத்துக்கு இங்கிட்டு. டெஸ்ட் எடுத்த அன்னைக்கே பஸ் ஏறி வந்துட்டேன்.”

“ஒங்களுக்கு பாசிட்டிவ்ங்க.”

“அதெப்படிங்க? பாசிட்டிவ்னா ரெண்டு நாள்ல போன் வரும்னாங்க. வரலையே. வரலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?”

அவர் சொன்னது சரிதான். நெகட்டிவ் வந்தவர்களைக் கூப்பிட எங்களிடம் ஆள் இல்லை. போன் வராவிட்டால் தப்பித்தோம் என்றுதான் ஊர் முழுக்க நம்பினார்கள். நான் கூப்பிடாமல் விட்டதையே அவர் ரிசல்ட்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல வேற யாரு இருக்கா?”

“அப்பா மட்டுந்தான் மேடம். எனக்கு லேசான இருமல்தான். அவருக்குத்தான் நேத்துலேர்ந்து மூச்சு எளைக்குது. ஏற்கெனவே ஆஸ்துமா, எப்பயும் வர்றதுதானேன்னு கசாயம் வச்சுக் குடுத்தேன்.” பிறகு அவராகவே சொன்னார்: “மொத ரெண்டு நாளு மாட்டுக் கொட்டகையிலதான் மேடம் படுத்தேன். போன் வரலைன்னு ஆனப்பறந்தான் உள்ள போனேன்.”

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். “ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. “சாப்...” என்றவர் அதற்கு மேல் முடியாமல் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் அறையிலேயே படுக்கை ஒதுக்கும் மேசை இருந்தது. அங்கே போய்க் கத்திச் சண்டை போட்டு ஓர் ஆக்சிஜன் படுக்கையைப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருந்தன. ஒன்று திரும்பி வர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி கிளம்பிருச்சு, பைபாஸ் வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான் என்று நான் சொல்லச் சொல்ல அவர் “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றார். இரண்டு மணிக்கு “ஏத்திட்டோம்” என்றார். அதன் பிறகு இரண்டு முறை அவர் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, “பாதியிலயே போயிட்டாரு மேடம்” என்றார்.

நாலரைக்கு அன்றைய எண்களுக்கான படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “சார், இவர இறப்புல சேர்க்கலாமா?”

“டெஸ்ட் எடுத்தாங்களா?”

“இல்ல சார்.”

“அப்பறம் எப்படிம்மா சேர்க்கறது?”

அவர் மேல் குற்றமில்லை, விதி அப்படித்தான். அன்றைக்கு எங்கள் பக்கம் வேறு சாவு பதிவாகவில்லை. இறப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். புதிய தொற்றில் மகனைச் சேர்த்தேன். ஐந்தரைக்குச் சென்னையிலிருந்து கூப்பிட்டு, “டேலி ஆயிருச்சும்மா, ரொம்ப தேங்க்ஸ்” என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இளைஞரே கூப்பிட்டார். உடம்பு தேறிவிட்டதாம், காரியமெல்லாம் முடிந்ததாம்.

“அன்னைக்கு எங்களுக்காக அலைஞ்சது நீங்க ஒருத்தங்கதான் மேடம். எம் பேரு மட்டும் முன்னாடியே ஒங்க கைக்கு வந்துருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு. லேட்டாத்தான் வந்துச்சு போல.”

“ஆமாங்க,” என்றேன். “லேட்டாத்தான் வந்துச்சு.”