நனைக்காத பட்டு

புதுப் பட்டைத் தண்ணீரில் போட்டால் நல்ல மணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழையில் நனைந்த கோழியும் புளித்த கஞ்சியும் சேர்ந்தாற்போன்ற ஒரு வாடைதான் வரும். கிளிநொச்சியில், வாய்க்கால் கரையோரத்து எங்கள் தகரக் கொட்டிலில், எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அந்த வாடை வந்திருக்க வேண்டிய ஒரு நாளில் வரவில்லை. வராமற் செய்தவள் நான். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்தபின் எனக்குப் புத்தி சொல்ல வராதீர்கள்.

அம்மா தையல்காரி. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அப்பாவின் ஆட்களோ யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். அந்தக் கலியாணத்தை அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, மனதார ஏற்றதேயில்லை. அப்பா முள்ளிவாய்க்காலிலிருந்து திரும்பவில்லை. நானும் அம்மாவும் திரும்பி வந்து கொட்டில் போட்டிருந்த காணி மாமியின் பேரில் இருந்தது. அப்பாவின் பங்கை எங்களுக்கு எழுதித் தருவதாக அவர் சுவிசிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவும் நம்பி, வேலியோரம் பத்துத் தென்னம்பிள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணியில் மாமி ஊருக்கு வந்தபோது, சென்னையில் வாங்கிய சந்தன நிறப் பட்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த கோடையில் சுவிசில் ஒரு கலியாணமாம். சேலைக்கு மேல் போட மெல்லிய கோட் ஒன்று வேண்டுமாம். அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. கோட் நன்றாக அமைந்தால் மாமியின் மனம் இளகும், காணி எழுத்து முடியும் என்று அவர் கணக்குப் போட்டார்.

பட்டுக்கு அம்மா செய்யும் பணிவிடையை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி வைப்பார். பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் காயவிட்டு, ஈரம் சற்று மிஞ்சியிருக்கும்போதே மறுபக்கத்தில் சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால், எங்கள் பேச்சில் "மினுக்கி"யால், தேய்ப்பார். வழுக்காமலிருக்கப் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து வெட்டுவார். குண்டூசி ஓட்டை மாறாது என்பதால் தையலுக்குள் மறையும் ஓரத்தில் மட்டுமே ஊசி குத்துவார். இதில் எதைத் தவறவிட்டாலும் நனைப்பதைத் தவறவிடக்கூடாது. "பட்டு எப்பிடியும் ஒருக்கால் சுருங்கும். அது எங்கட வீட்டில சுருங்கட்டும், போடுறவையின்ர உடம்பில வேண்டாம்" என்பார்.

அளவெடுக்க, மாமி தங்கியிருந்த உறவினர் வீட்டுக்குப் போனோம். மாமி உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டவில்லை. அம்மா முழங்காலில் நின்று நீளம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமிக்கு ஒரு அழைப்பு வந்தது. கதைத்தபடியே முற்றத்துக்கு இறங்கினார். அளவு நாடாவைப் பிடித்தபடி பின்னால் போன என்னை அவர் ஒரு ஆளாகவே எண்ணவில்லை.

"ஓம், வெறுங்காணிதான். அதில இருக்கிறது தோட்டத்துச் சனம், எழுப்பிப் போடலாம். நீங்கள் எழுத்துக்கு நாளைப் பாருங்கோ."

திரும்பி வந்து கையை நீட்டினார், அளவெடுக்க. அம்மா எடுத்தார்.

வழி நெடுக அம்மா எடுத்த அளவுகளை விரலில் எண்ணியபடி நடந்தார். முற்றத்துக் கதை அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில், பட்டை என்னைத் தொடவும் விடாத அம்மா, வேறு வேலை இருக்கிறதென்று அதை என் கையில் தந்து நனைத்துக் காயவிடச் சொன்னார். கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. துணியை ஒரு கையிலும் என் வன்மத்தை மறுகையிலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தண்ணீரை ஒரு தென்னம்பிள்ளைக்கு ஊற்றிவிட்டு, பட்டைக் காய்ந்தபடியே நிழற்கொடியில் போட்டேன்.

மாலையில் அம்மா துணியைத் தடவிப் பார்த்தார்.

"நனைச்சனியோ?"

"ஓம்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தார். உள்ளே வைக்கும் பருத்தித் துணியைத் தானே நனைத்து, காயவைத்து, மினுக்கினார்.

கோட் மாமிக்குச் செதுக்கி வைத்ததுபோல் அமைந்தது. கண்ணாடிமுன் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் கையென்றாலும் நல்ல கை என்றார். அவர் விமானம் ஏறி ஒரு மாதத்துக்குள் காணியை வாங்கியவர் வேலிக்கான கொங்கிறீற் தூண்களோடு வந்து நின்றார். நாங்கள் தையல் மெசினை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு துணுக்காயில் அம்மாவின் தமையன் வீட்டுக்குப் போனோம். தென்னம்பிள்ளைகளை ஏற்ற இடமிருக்கவில்லை. அம்மா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஆனியில் மாமி அழைத்தார். கலியாண மண்டப வாசலில் கோடை மழை பிடித்துக்கொண்டதாம். கோட் உடம்பிலேயே காயக் காயத் தோள் சுருங்கி மடிந்துகொண்டதாம். கை முழங்கைப் பக்கம் ஏறிவிட்டதாம். உள்துணி கீழே நாலு விரல் தொங்க, சபை முழுக்கச் சிரித்ததாம். கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அப்படியே நிற்கிறாராம். இரைந்த இரைச்சல் எனக்கே கேட்டது. "அப்பிடியே மச்சாள்?" என்று அம்மா வியப்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு விசேடமுமில்லாத செவ்வாய்க்கிழமையில் பாயாசம் காய்ச்சினார். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

அம்மாவுக்குத் தைக்கத் தெரியாது என்று மாமி வெளிநாட்டு உறவுகளிடமெல்லாம் சொல்லித் திரிந்ததில் இரண்டு வருடம் அங்கிருந்து ஒரு துணியும் வரவில்லை. அதற்கும் நான் வருந்தவில்லை.

இப்போது வவுனியாவில் எனக்குச் சொந்தமாகத் தையற்கடை இருக்கிறது. வாய்க்கால் கரைக் காணியில் மாடிவீடு எழுந்துவிட்டது. கொட்டில் நின்ற இடம் வாகனம் நிறுத்துமிடம், கிணறும் தூர்ந்துவிட்டது, தென்னைகளில் ஒன்றுகூட இல்லை. போன மாதம் மாமியும் போய்விட்டார். செத்தவீட்டை நானும் அம்மாவும் கடையிலிருந்தபடி கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தோம். பெட்டியைச் சுற்றி ஆட்கள் பூப் போட்டுக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன்: அன்று நான் பட்டை நனைக்கவில்லையென்று தெரியுமா?

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவா முற்றத்தில கதைச்சது எனக்கும் கேட்டது. நீ நனைச்சிருந்தா, நான் கோட்டின்ர ஒரு கையைக் கட்டையா வெட்டியிருப்பன்."