ரப்பர் பேண்டு போட்ட பைபிள்

அம்மாவின் பைபிள் தகரப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே கிடக்கும். அது ஆர்.சி. பைபிள், கத்தோலிக்கர்களுடையது. கல்யாணமாகி அப்பாவின் சபைக்கு மாறியபோது, அதைப் பிறந்த வீட்டிலேயே விட்டு வரச் சொல்லியிருந்தார் பெரியப்பா. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே அதில் ஏழு புத்தகங்கள் அதிகம். அவற்றை வேதமென்று எங்கள் சபை ஒப்புக்கொள்ளாது.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து, நாச்சாரத்தில் பெரியப்பா வீட்டின் பின்னறையில் இருந்தோம். பத்து வயதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. ஞாயிறு பள்ளிக்கு மட்டும் காசு கேட்கமாட்டார்கள், அதற்குப் போனேன்.

அங்கே வசனம் தேடும் போட்டி வைத்தார்கள். வசன எண்ணைச் சொன்னதும் முதலில் பக்கத்தைப் பிடித்து எழுந்து வாசிப்பவருக்குப் புள்ளி. பைபிளை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். என்னிடம் இல்லை. அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். காலண்டர் தாளில் அட்டை போட்டாள். விரல் போய் மாட்டாமல் தாண்டட்டும் என்று அந்த ஏழு புத்தகங்களையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டாள். புத்தகங்களின் பெயர்களும் அதில் வேறு. வெங்காயம் உரித்தபடியே பழக்கினாள்.

"யாத்திராகமம்னா?"

"விடுதலைப் பயணம்."

"சங்கீதம்?"

"திருப்பாடல்கள்."

ஞாயிறன்று பெரியப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "உன் பைபிள் என்ன இத்தனை மோட்டா? நாலு இட்லி கூடத் தின்னுட்டுதா?"

பத்து வசனத்தில் ஆறை நான் பிடித்தேன். வாசித்த வார்த்தைகள் வேறாக இருந்தன. போட்டி நடத்திய அண்ணன் சென்னையிலிருந்து சாப்ட்வேர் வேலைக்கு வந்தவர்; புது மொழிபெயர்ப்பு, பரவாயில்லை என்றுவிட்டார்.

பரிசு கொடுக்க வந்தவர் சபை மூப்பரான பெரியப்பா. புத்தகத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். ரப்பர் பேண்டை உருவிப் புரட்டினார்.

"இது யாரு புஸ்தகம்?"

வழியில் கிடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்துவிட்டாள்.

"என்னோடது அத்தான்."

"விட்டுட்டு வரச் சொன்னேம்லா?"

"சொன்னிய. நான் சரின்னு சொல்லலியே."

யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

"இது வேதமில்ல. இத வச்சு ஜெயிச்சா செல்லாது" என்றார் பெரியப்பா.

"நீங்க கேட்ட வசனம் பூரா அதுல இருந்துச்சா இல்லியா? ஏழு புஸ்தகம் கூட இருந்தா தேடுதவளுக்குத்தான கஷ்டம்? அதையும் தாண்டில்லா எம் பிள்ள ஜெயிச்சிருக்கா."

போட்டி நடத்திய அண்ணன் என் பெயரைப் பலகையில் முதலாவதாக எழுதினார். பரிசான டிபன் பாக்ஸை அவரே என் கையில் கொடுத்தார். அம்மா முன்னால் வந்து பெரியப்பாவிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அட்டையைக் கழற்றி, கடைத்தெரு வழியாக நெஞ்சோடு அணைத்து நடந்தாள். அவளுக்குச் சமமாக நடக்க நான் ஓட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கு முன்பே உப்பலில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குக் குடிபோனோம். அப்பா மூட்டை இறக்கப் போனார். ராத்திரிக்குப் பெரும்பாலும் கஞ்சிதான். பெரியப்பா எங்களைக் காலி பண்ணச் சொன்ன விஷயம் எனக்கு வெகுகாலம் தெரியாது. போட்டியில் ஜெயித்ததால் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது என்று தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அவர்கள் அம்மாவிடமே வந்து கேட்டார்கள்.

அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "ஆமா, எம் பிள்ள ஜெயிச்ச வீடுதான்" என்றாள்.