மச்சான் கொடுத்த ரத்தம்

ஆடு மாடுகளின் கருவைக் கலைத்து, காய்ச்சாத பால் வழியாக மனிதர்களுக்கும் தொற்றி, விட்டு விட்டுக் காய்ச்சலைக் கொடுக்கும் புருசெல்லா என்ற கிருமிதான் என் ஆராய்ச்சி. முழுக் கிருமியையும் தடுப்பூசியாகப் போட்டால் அதுவே நோயைக் கொடுத்துவிடலாம். அதனால் அதன் புரதங்களில் ஒன்றை மட்டும் வைத்துத் தடுப்பூசி செய்ய முடியுமா என்று சிதம்பரத்து ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

பிளேட்டின் சிறு குழிகளில் புரதத்தைப் பூசி, மேலே ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை விடுவோம். நோய் வந்தவருடையது மஞ்சளாக வேண்டும். நோயில்லாதவருடையது நிறம் மாறக் கூடாது. கிருமியோடு புழங்குகிற எங்கள் ரத்தத்தை நோயில்லாத ரத்தம் என்று நம்ப முடியாது. ஆகவே வீட்டு ஆட்களைக் கெஞ்சி, கையெழுத்து வாங்கி, ஊசி குத்துவோம். அந்த முறை சவூதியிலிருந்து லீவில் பரங்கிப்பேட்டை வந்திருந்த, நான் மச்சான் என்று கூப்பிடும் என் கணவர் மாட்டினார்.

"உன் படிப்புக்கு என் ரத்தத்தையும் உறிஞ்சியாச்சு" என்று கேலி செய்தார்.

எத்தனையோ புரதங்கள் காலை வாரியபின் ஒன்றுதான் தேறியிருந்தது. அதில் அவர் குழியும் மஞ்சளாகிவிட்டது. நான்தான் சரியாகக் கழுவவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பச் செய்தேன். மறுபடியும் மஞ்சள். எல்லார் ரத்தத்திலும் ஒட்டுகிற உதவாக்கரைப் புரதமா, இல்லை அவருக்கு நோயா? வந்ததிலிருந்து சாயங்காலமானால் அவர் போர்வையைத் தேடுவதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வதும் அப்போதுதான் உறைத்தது. பயணக் களைப்பு என்று அவர் சொன்னதை நம்பியிருந்தேன். இந்தக் கிருமி முதுகெலும்பில் போய் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் தேவலை.

வருஷக்கணக்காக நான் கட்டி அழுத புரதம் அது. யா அல்லாஹ், அவருக்கு நோயில்லை என்றாக வேண்டும், அது உருப்படாமல் போகட்டும் என்று துஆ செய்தேன்.

புரதம் எல்லார் ரத்தத்திலும் ஒட்டுகிறதா என்று பார்க்க, ஆய்வகத் தோழி ஒருத்தியின் கடலூர் அண்ணன்கள் இருவர் ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் குழிகள் தண்ணீர் மாதிரி இருந்தன. மச்சானுடையது மட்டும் மஞ்சள். என் வழிகாட்டியான பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒரு ஆள மட்டும் டாக்டர்கிட்ட அனுப்பும்மா. மத்தபடி உன் புரோட்டீன் பாஸு" என்று சிரித்தார்.

வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டேன்.

"மச்சான், அங்க ஒட்டகப் பால் குடிச்சீங்களா?"

"ஆமா, காய்ச்சாம, கறந்த சூட்டோட. ஒடம்புக்கு நல்லதுன்னாங்க. ஏம்மா, உன் டெஸ்ட் கெட்டுப்போச்சா?"

"இல்ல மச்சான், நல்லா வந்துருக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.