இருபதடி ரோடு

கட்டடப் படம் வரைகிறவனுக்குப் பாராட்டு மேசையிலும் வசவு வீட்டு வாசலிலும் கிடைக்கும். சொந்த வீடு கட்டி அவதிப்பட்ட உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம், கருங்கல் என்ற ஊரில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த என்னை ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டது. கரையோர ஊர் ஒன்றை மேட்டுக்கு மாற்றுகிறார்களாம், புதுக் குடியிருப்புக்குப் படம் வேண்டுமாம்.

டேப் பிடித்த நாள்

முதலில் பழைய ஊரை அளந்தோம். பல தலைமுறை கண்ட கோயில், அதைச் சுற்றி நாலடிச் சந்துகள். ஒரு சந்தில் சுவர் வெடித்த இரண்டு வீடுகள் மட்டும் எதிரெதிரே நின்றன. ஒன்றில் மரிய புஷ்பம் அக்கா, தனிக்கட்டை. எதிரே செலின். அவளுடைய புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அலை கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு அவள் தானாகச் சாப்பிடுவதில்லை. அக்கா தன் சன்னல் வழியாகக் கையை நீட்டி எதிர்ச்சன்னலில் தட்டை வைப்பாள், செலின் உண்டு முடிக்கும்வரை எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

"சந்து ரொம்பக் குறுகல் அக்கா, காற்றே வராது" என்றேன்.

"காத்து வராட்டி என்ன மக்கா, நான் கூப்பிட்டா அவளுக்குக் கேக்கும்."

பச்சைப் பேனா

நான் தாராளமாகவே வரைந்தேன். இருபதடி ரோடு, வீட்டுக்கு வீடு காம்பவுண்டுச் சுவர், மழைநீர்த் தொட்டி, வேப்பங்கன்று. பச்சைப் பேனா தீர்ந்தே போனது. என்ஜினீயர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்ததும் அக்கா குனிந்து வெகுநேரம் தேடினாள்.

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. செலினுக்க வீட்டெ எனக்க பக்கத்துல போடு மக்கா, வேற ஒண்ணும் வேண்டாம்."

குலுக்கல்

யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அக்காவுக்கு ஏழாம் நம்பர், செலினுக்கு அறுபத்துமூன்று. ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. மாற்றித் தரச்சொல்லி அதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஒருவருக்கு மாற்றினால் ஊரே வரிசையில் நிற்கும் என்றார். இன்னும் இரண்டு தடவை போய்க் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்றும் உண்டு.

"குலுக்கல்னா யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது தம்பி, அதுதான் அதுல சௌகரியம்" என்று சொல்லித்தான் அதிகாரி என்னை அனுப்பிவைத்தார்.

பூட்டிய வீடு

மூன்று வருஷம் கழித்துக் கணக்கெடுப்பு. படம் வரைந்தவன் என்று அதற்கும் என்னையே அனுப்பினார்கள். ஆள் குடியிராத வீட்டை ரத்துசெய்து, இடமில்லாத வேறு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். ஏழாம் நம்பரில் இரண்டு முறையும் பூட்டுத்தான் தொங்கியது. யார் வீடு என்று யோசிக்காமல் 'ஆளில்லை' என்று எழுதிவிட்டேன். ரத்து உத்தரவில் பெயரைப் பார்த்தபோதுதான் அது அக்காவின் வீடு என்று உறைத்தது.

வீட்டுக்காரர் கையெழுத்துக்காகக் காத்திருந்த அந்த உத்தரவோடு ஓடினேன். அறுபத்துமூன்றாம் நம்பர் கதவைத் திறந்தது அக்கா. வேளைக்கு வேளை தூக்குவாளியோடு நடந்து முழங்கால் முட்டு போய்விட்டதாம், அதனால் இங்கேயே வந்துவிட்டாளாம். "ஒரு மாசம் உங்கள் வீட்டில் போய் இருங்கள் அக்கா, நான் எப்படியாவது நிறுத்திவைக்கிறேன்" என்று கெஞ்சினேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த செலின், கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அக்கா அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பையிலிருந்து பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள்.

"எங்கெ ஒப்பு போடணும், காட்டு மக்கா."

அந்த வருஷம் நான் வரைந்த அந்தக் குடியிருப்புக்குச் சிறந்த வடிவமைப்பு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள், மேடையேறி அதை வாங்கியவனும் நான்தான்.