நாலாம் அண்ணைக்கும் ஒரு டிக்கெட்

பேய், பிசாசு, மோகினி எல்லாம் ஆமிக்காரனுக்குப் பயந்து எங்கள் ஊரை விட்டு எப்போதோ ஓடிவிட்டன என்பதுதான் என் கொள்கை. பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனையைப் பாதியில் விட்டுவிட்டுக் கனடா வந்தவன் நான். என்னிடம் இருந்ததே ஒரு கொள்கைதான், அதுவும் இதுதான். இங்கே மில்லிக்கனில் பிளாசா கோப்பிக்கடையில் பெடியள் கூடியிருந்து பேய்க்கதை தொடங்கினால், மேசைக்குக் கீழே யாருடைய காலையாவது சுரண்டி அலற வைப்பவனும் நான்தான். ஆகவே இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கனடா பாஸ்போர்ட் கிடைத்த கோடையில் நடந்தது. கையில் பாஸ்போர்ட் வந்ததும் முதல் வேலையாக ஜெர்மனிக்குப் பறந்தேன். அங்கே என் மாமாவின் மகன் சுதன் இருந்தான். அவனிடம் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒன்று ஓடும், மற்றது ராசன் அண்ணை தொட்டால் மட்டும் ஓடும். ராசன் அண்ணை சுதனோடு ஒரே அறையில் இருந்தவர், கராஜ் ஒன்றில் வேலை, அளவாகத்தான் பேசுவார்.

சுதனுக்கு நோர்வேயில் வதனி என்று ஒரு பிள்ளை. கடிதத்திலும் டெலிபோனிலுமே வளர்ந்த காதல். நான் போய் இறங்கிய வாரம் வதனியின் தகப்பன் டெலிபோன் எடுத்தார். ஒரு கடலோர ஊரில் மீன் ஃபாக்டரியில் வேலை செய்கிற மனிதர், குரலிலேயே உப்பு இருந்தது.

"தம்பி, லண்டனிலை இருந்தும் ஒரு சம்பந்தம் கேட்டு நிக்கினம். நீர் வாற ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னம் நேரிலை வாரும், கதைப்பம். பிந்தினால் நான் லண்டனுக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

ஞாயிறு என்றால் நாலரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன்னம் சுதன் அந்த வாசலில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ரெயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் விடவில்லை. "மச்சான், ரெயிலிலை போய் இறங்கினால் உன்னை ஆர் கணக்கெடுப்பினம்? மோட்டச்சைக்கிளிலை போய் இறங்கு, அதுதான் எடுப்பு" என்று ஏற்றிவிட்டேன். அவனும் ஏறிவிட்டான்.

வெளிக்கிடுகிற காலையில் ராசன் அண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினார்.

"மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது. அதுவும் நல்ல காரியத்துக்கு."

"அப்ப உங்களை விட்டிட்டுப் போகவோ அண்ணை?"

"பகிடியை விடடா பாபு" என்று சொல்லிக்கொண்டே வேலியோரமாகக் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். மாங்காய் அளவில் சாம்பல் நிறக் கல். மூன்று பேர் போகவேண்டி வந்தால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் வழக்கம், உங்களுக்குத் தெரியாததல்ல. வதனிக்கென்று சுதன் வாங்கி வைத்திருந்த சின்னச் சிவப்பு ஹெல்மெட்டுக்குள் கல்லை வைத்து, அவனுடைய பைக்கின் பின் கரியரில் கட்டினோம். சுதன் முன்னால் தனியாக, நானும் ராசன் அண்ணையும் பின்னால் மற்றதில். சுதனுக்குப் பின் சீட் வெறுமை. நான் கல்லுக்கு நாலாம் அண்ணை என்று பெயரும் வைத்துவிட்டேன்.

முதல் கப்பல் ஜெர்மனியில் இருந்து டென்மார்க்குக்கு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் ஓடுகிற, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையைப் பார்த்தவனுக்கு, ரெயில் பெட்டியையே விழுங்குகிற கப்பலைக் கண்டால் எப்படி இருக்கும்! டிக்கெட் கூண்டில் இருந்த பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் நாலு விரலைக் காட்டினேன். அவளும் நாலு பேருக்கே டிக்கெட் தந்தாள்.

"விசராடா உனக்கு?" என்று சுதன் கத்தினான்.

"நாலாம் அண்ணை கள்ளமாய் வரமாட்டார் மச்சான். டிக்கெட் எடுத்தாச்சு, இனி அவரும் ஒரு ஆள்தான்."

சுதன் சிரித்துவிட்டான். ராசன் அண்ணை மட்டும் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "அவரை ஆளாக்கிப்போட்டாய், இனி மரியாதையாய் நட" என்றார். நான் மரியாதையாகத்தான் நடந்தேன், கப்பலில் தேத்தண்ணி வாங்கியபோது ஹெல்மெட்டுக்கு முன்னாலும் ஒரு கப் வைத்தேன்.

இரண்டாவது கப்பல் டென்மார்க்கில் இருந்து சுவீடனுக்கு, ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிடும் தூரம். இந்தமுறை டிக்கெட் எடுத்தவர் ராசன் அண்ணை. நான் தள்ளி நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன், வாயே திறக்கவில்லை, வாய் நிறையக் கச்சான். கூண்டில் இருந்தவன் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்காமலே நாலு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

"நீதானே சைகை காட்டினனி?"

"சத்தியமாய் இல்லையண்ணை!"

பகிடிக்காரனுடைய சத்தியத்தை யார் நம்புவது? ஹெல்மெட்டைத் தலை என்று நினைத்திருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் அதுதான் என் விளக்கம்.

சுவீடனில் காடு, காடு, அதற்குப் பிறகும் காடு. ஒரு பெற்றோல் ஷெட்டில் நின்றபோது ராசன் அண்ணை சுதனுடைய பைக்குக்குப் பக்கத்தில் குந்தி இருந்து பின் ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சுதன் கீழே இறங்கி நிற்கிறான், பைக்கில் ஒருவரும் இல்லை.

"பதிஞ்சு கிடக்கு. ஆள் இருக்கிற மாதிரி."

ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தார். கொஞ்சம் எழும்பி, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே திரும்பவும் பதிந்தது. "பழைய ஸ்பிரிங் அண்ணை" என்றான் சுதன். அவனுக்கு வதனியைத் தவிர வேறொன்றும் மண்டைக்குள் ஏறாத நேரம். உண்மையைச் சொன்னால் பைக் நன்றாகத்தான் ஓடியது. வளைவுகளில் அவன் அப்படி அழகாகச் சாய்ந்து எடுப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் ஒரு கெட்டிக்காரன் இருந்து கூடவே சாய்ந்து கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

நோர்வேக்குள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எல்லாம் பிசகியது. மலைக்கு மேலே, மனிதர் இல்லாத இடத்தில், சுதனுடைய செயின் அறுந்தது. மழை வேறு. ராசன் அண்ணை பக்கத்தில் குடைபிடிக்கக்கூட ஆள் விடாமல் நனைந்து நனைந்து அதைப் பொருத்தி முடித்தபோது எங்கள் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. மலை அடியில் ஒரு சின்னக் கப்பல், அது கடலிடுக்கைக் கடந்து அக்கரையில் விடவேண்டும். அக்கரையில்தான் வதனியின் ஊர். ஞாயிறில் அந்தக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது ராகுகாலம் முடிந்து, ஆட்கள் தேத்தண்ணியும் குடித்து முடித்த பிறகுதான்.

இறங்கினோம், ஓடினோம், வழுக்கினோம். மேலே இருந்து பார்க்கும்போதே தெரிந்தது, கப்பல் வெளிக்கிடுகிற நேரம் தாண்டிவிட்டது. சுதன் போன வேகத்தில் நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், கூப்பிட்டுப் பழக்கம் இல்லாததால் சில பெயர்களை மாறியும் கூப்பிட்டிருப்பேன். கடைசி வளைவைத் திரும்பினால், கப்பல் நிற்கிறது! வாகனம் ஏறுகிற இரும்புப் பலகை இன்னும் தரையில் கிடக்கிறது. உள்ளே கார்க்காரர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பைக்கும் ஏறிய உடனே பலகை எழும்பியது.

மஞ்சள் கோட்டுப் போட்ட கப்பல் ஆள் எங்களிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினான்.

"உங்கள் கூட்டாளிக்குச் சொல்லி வையுங்கள். நான் பலகையைத் தூக்கப் போகிறேன், அந்த மனுஷன் வந்து அதன் நடுவில் நிற்கிறான். கத்தினேன், அசையவில்லை. மலையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான்."

"எந்தக் கூட்டாளி?" என்றேன்.

"சிவப்பு ஹெல்மெட்" என்று சொல்லி அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சுதனுடைய கரியரைப் பார்த்தான். ஹெல்மெட் நாங்கள் கட்டிய கட்டோடு அங்கேயே இருந்தது, உள்ளே கல்லும் இருந்தது. அவன் டிக்கெட் காசு வாங்காமலே மேலே ஏறிப் போய்விட்டான்.

ராசன் அண்ணை என் கையைப் பிடித்துச் சுதனுடைய பின் சீட்டில் வைத்தார். கொட்டுகிற மழையில் மலை இறங்கி வந்திருக்கிறோம், என் காற்சட்டைக்குள் மீன் வளர்க்கலாம். அந்தச் சீட் காய்ந்து கிடந்தது. காய்ந்து மட்டுமல்ல, இளஞ்சூடாகவும் இருந்தது.

"சுதனுக்குச் சொல்லாதை" என்றார். "கலியாணம் கதைக்கப் போற பிள்ளை."

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் வதனியின் வீட்டு வாசலில் நின்றோம். தகப்பன் கதவைத் திறந்து முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். மூன்று பேரிலும் இருந்து தண்ணீர் ஓடி அவருடைய கம்பளத்தில் குளம் கட்டியது.

"உந்த மழைக்குள்ளையோ வந்தனீங்கள்?"

"ஓம் மாமா" என்றான் சுதன். அங்கிள் என்று கூப்பிடச் சொல்லித்தான் வழி முழுக்கப் பழக்கியிருந்தேன். பயத்தில் மாமா என்று வந்துவிட்டது. மனிதர் சுதனை உச்சி முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "வதனி, துவாய் கொண்டு வா பிள்ளை, மாப்பிள்ளை நனைஞ்சு போய் நிக்கிறார்" என்றார். அவ்வளவுதான், லண்டன் சம்பந்தம் அந்த இடத்தோடு முடிந்தது.

கலியாணம் அடுத்த வருஷம் நடந்தது. கல்லை வதனி கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவர்கள் வீட்டு ரோசாச்சட்டியில் இருக்கிறதாம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று இருக்கிறது. கனடா திரும்பி வந்து பிலிமைக் கழுவக் கொடுத்தேன். பைக் ஓடுகிற நேரமெல்லாம் என் சின்னக் கமரா சுதனுடைய பைக்கில் கட்டிய பையில்தான் கிடந்தது. கப்பல், காடு, மாடு என்று படங்கள் வந்தன, நடுவில் ஒரு படம். நானும் ராசன் அண்ணையும் பைக்கில், முன்னால் இருந்து எடுத்தது. பின்னால் மலை றோட்டு, மழைக்கோடுகள். ஓரத்தில் சுதனுடைய கறுப்பு ஜாக்கெட்டின் நுனி காற்றில் பறக்கிறது. அவனுடைய பின் சீட்டில் திரும்பி இருந்து எடுத்தால் மட்டும்தான் அப்படி ஒரு படம் வரும்.

கோலிங் கார்ட் வாங்கி டெலிபோனில் சுதனைக் கேட்டேன்.

"டேய், நான் ரெண்டு கையாலையும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு ஓடினனான். படம் எடுக்கவோ?"

அதையும் விட்டுவிடலாம். சுதனுடைய கலியாணத்துக்காக அவ்வளவு தூரம் வந்த ஆள் ஒரு படம் எடுத்தால் என்ன? எனக்குப் பிடிபடாதது வேறு. அந்த இறக்கத்தில் நான் அழுகிற நிலைமையில் இருந்தேன், சுதனுடைய கலியாணம் போய்விட்டது என்றே நினைத்தேன், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. படத்தில் நான் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, மழை வாய்க்குள் விழ விழச் சிரிக்கிறேன். கமராவைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில் பார்க்கிறேன். யாரோ அப்போதுதான் ஒரு பகிடி சொல்லி முடித்த மாதிரி. ஊரில் உள்ளவன் எல்லாம் சொன்ன பகிடி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த ஒன்று மட்டும் இல்லை. நல்ல பகிடியாகத்தான் இருந்திருக்க வேண்டும், அப்படி நான் சிரித்து வேறு படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.